ஜிஎஸ்டி நம்பரில் கடைசி எழுத்து எதுக்கு? யார் இந்த ஹான்ஸ் பீட்டர் லூன்?

திண்டுக்கல் பூட்டுக் கடையில் பில் போடும்போது, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து தப்பினாலும் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு சிக்கலாகும். சாஃப்ட்வேரில் சரிபார்ப்பு விதி போட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கும். காரணம் அந்த 15-வது இடம்: முதல் 14-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அதுதான் வரணும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் லூன். 1896-ல் ஜெர்மனியில், அச்சகக்காரர் மகனாகப் பிறந்தார். ஜவுளித் தொழிலில் இருந்தபோது துணியில் இழை எண்ணும் 'லூனோமீட்டர்' கருவியை உருவாக்கினார். சின்னாளபட்டி தறிக்காரங்களுக்கு அதன் அருமை தெரியும்! 1941-ல் அமெரிக்காவின் ஐபிஎம்மில் சேர்ந்தார். எண்ணைச் சரிபார்க்கும் கையடக்கக் கருவிக்கு 1954-ல் காப்புரிமை கேட்டார், கிடைத்தது 1960-ல். நாலே வருஷத்தில் இறந்துட்டார்.

கிரெடிட் கார்டு, செல்போன் ஐஎம்இஐ எண்களில் இன்னிக்கும் அவர் முறைதான். ஆனா கார்டு எண்ணில் 09 என்பது 90 என மாறினால் அது கோட்டைவிடும். ஜிஎஸ்டி எண் சரி என்று வந்தாலும், அது யாருடையது என்பதை ஜிஎஸ்டி தளத்தில் நாமதான் பார்க்கணும்.