நுண்ணுயிரைத் துணைக்கொண்ட மருத்துவர் வில்லியம் கோலி

நோய் தரும் நுண்ணுயிரே நோய் தீர்க்கவும் துணையாகக் கூடுமோ என்னும் வினாவை வாழ்நாள் முழுதும் சுமந்தவர் மருத்துவர் வில்லியம் கோலி. உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு மருந்தாக்கும் துறையின் தந்தை என அவர் போற்றப்படுகின்றார். கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தாய்மார்க்கும் அச்சமூட்டும் நோயாதலின், அவர் வாழ்வை நாம் அறிதல் பயனுடையதாகும்.

பிறப்பும் கல்வியும்

கோலி 1862ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1888இல் ஆர்வர்டு மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் அறுவை மருத்துவரானார்.

ஒரு மரணம் எழுப்பிய வினா

1890இல் பெஸ்ஸி டாஷியல் என்னும் இளம்பெண் கை வீக்கத்துடன் அவரிடம் வந்தாள். எலும்புப் புற்று எனத் தெரிந்ததும் கோலி அக்கையை அகற்றினார். ஆயினும் நோய் உடலெங்கும் பரவி, 1891 சனவரியில் அவள் மறைந்தாள். இளம் மருத்துவரின் உள்ளத்தை இம்மரணம் உலுக்கிற்று. அறுவைக் கத்தியால் இயலாததை வேறெது செய்யும் எனத் தேடி, அவர் மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார்.

அவற்றில் வியப்பூட்டும் குறிப்பு ஒன்று கிடைத்தது. கழுத்தில் புற்றுக்கட்டி கொண்டிருந்த ஸ்டைன் என்பவர்க்கு அறுவைகள் பலனளிக்கவில்லை. அந்நிலையில் எரிசிபெலசு என்னும், தோல் சிவந்து வீங்கும் காய்ச்சல் நோய் அவரைப் பற்றியது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்து போயிருந்தது. கோலி நகரெங்கும் தேடி அம்மனிதரைக் கண்டார். ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தும் அவர் நலமுடன் வாழ்ந்திருந்தார்.

முயற்சியும் இடரும்

1891இல் கோலி, உயிருள்ள நுண்ணுயிர்களை நோயாளி ஒருவர்க்குச் செலுத்தினார். கடுங்காய்ச்சலுக்குப் பின் அவர் கட்டி கரைந்தது. ஆனால் பின்வந்தோருள் சிலர் அத்தொற்றினாலேயே உயிரிழந்தனர். எனவே கொல்லப்பட்ட இருவகை நுண்ணுயிர்களைக் கலந்து, ‘கோலியின் நச்சு மருந்து’ எனப் பெயர்பெற்ற கலவையைச் சமைத்தார். 1893இல் அதனைப் பெற்ற இளைஞர் ஒருவர் வயிற்றுக் கட்டி நீங்கி மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தார்.

எனினும் மருத்துவ உலகம் அவரை முழுதும் ஏற்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. மருந்தின் வீரியம் இடத்துக்கு இடம் மாறுபட்டது. நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் சீராக இல்லை. சிலர்க்குக் குணமாகவும் பலர்க்குக் குணமாகாமையும் ஏன் என்பதை அவரால் விளக்க இயலவில்லை. அக்காலத்தே கதிர் மருத்துவம் பெருவரவேற்புப் பெற்றது. 1936இல் கோலி மறைந்தபின் அவர் மருந்து மெல்ல வழக்கொழிந்தது. அவர்தம் மகள் எலன் கோலி நாட்சு, தந்தையின் பழைய பதிவுகளைத் தொகுத்து, 1953இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

வித்து முளைத்தமை

1976இல் மருத்துவர் மொராலஸ், காசநோய்த் தடுப்பிற்கென நம் குழந்தைகட்கு இடும் பி.சி.ஜி. நுண்ணுயிரைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பயன்படுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். அது இன்று நிலைபெற்ற மருத்துவமாகும்.

கருப்பை வாய்ப் புற்றுக்குப் பாப்பிலோமா என்னும் வைரசு காரணம் என்பதை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் அரால்டு சுர் ஆசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். வலுவிழக்கச் செய்த லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர்க்குள் அவ்வைரசின் புரதத்தை உண்டாக்கும் மரபுக்கூற்றைப் பொதிந்து செலுத்தினால், உடலின் காவல் அணுக்கள் அப்புரதத்தை அடையாளங்கண்டு புற்றணுக்களைத் தாக்கும் என ஆய்வாளர் கருதினர். நம் நாட்டிலேயே, நோய் மீண்ட 109 பெண்களிடம் இம்மருந்து சோதிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டு கடந்தும் உயிர்வாழ்ந்ததாக 2018இல் முடிவு வெளியாயிற்று. ஆயினும் அடுத்த பெருஞ்சோதனை 2019இல் இடையே நிறுத்தப்பட்டது. அம்மருந்து இன்னும் பொது வழக்கிற்கு வரவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

கோலியின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஓர் உயிரிழப்பைக் கண்டு சோராது ஏடு புரட்டித் தேடிய முனைப்பு ஒன்று. நம்பிக்கை எத்துணைப் பெரிதாயினும் சீரான சான்றின்றி அது மருந்தாகாது என்பது மற்றொன்று. நுண்ணுயிர் மருந்து நாளை வரலாம். வரும்வரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது. சிறுமியர்க்கு வைரசுத் தடுப்பூசி உண்டு. முப்பது வயது கடந்த மகளிர்க்கு அரசு மருத்துவமனைகளில் எளிய பரிசோதனை உண்டு. தொடக்கத்திலேயே கண்டால் இந்நோய் தீரக்கூடியது. திண்டிவனத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் தாய், உதிரப்போக்கை நாணத்தால் மறைத்து, நோய் முற்றியபின் முண்டியம்பாக்கத்திற்கோ புதுச்சேரிக்கோ செல்லும் நிலை மாறவேண்டும். இச்செய்தியை மாணவியர் தம் இல்லத்தில் அன்னையர்க்கு எடுத்துரைப்பரேல், பெஸ்ஸியின் மரணம் எழுப்பிய வினாவிற்கு நம்மாலியன்ற விடை அதுவேயாகும்.