வாசலில் நின்ற சாம்பியன்

கேசினோ என்றாலே சினிமாவில் பார்த்த லாஸ் வேகாஸ் தான் ஞாபகம் வரும். கலர் லைட்டு, ரூலெட் சக்கரம், கோட்டு சூட்டு. ஆனா 1950-களின் தொடக்கத்தில் அந்த ஊரின் பெரிய கேசினோ ஹோட்டல்களில் கறுப்பின மக்களுக்கு இடம் கிடையாது. மேடையில் பாடலாம், சமையலறையில் பாத்திரம் கழுவலாம். பாடி முடிச்ச ஸ்டாரே ஆனாலும் தூங்க ஊரின் மேற்குப் பக்கம் தான் போகணும். நம்ம பக்கத்து டீக்கடைகளில் இருந்த இரட்டை டம்ளரை நினைச்சுப் பாருங்க, புரியும்.

அந்த ஊரில் எல்லாருக்கும் கதவு திறந்த முதல் பெரிய கேசினோ ஹோட்டலின் வாசலில் நின்றவர் ஜோ லூயிஸ்.

1914 மே 13-ல் அலபாமாவில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. குடும்பம் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி போட்டது. மண்ணரையில் வளர்ற நமக்குப் பருத்தி என்றால் நூல் கோனும் நிட்டிங் மிஷினும். அவருக்கு அது வெயிலில் குனிஞ்சு பறிக்கிற காட்டு வேலை. 1926-ல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கப் போனது. அங்கே ஃபோர்டு தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார்.

1934-ல் தொழில்முறை குத்துச்சண்டைக்கு வந்தார். 1936-ல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார். 1937-ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன். 1938-ல் அதே ஷ்மெலிங்கை 124 விநாடியில் சாய்த்தார். வெள்ளை இனமே உசத்தி என்று சொல்லிக்கொண்டிருந்த ஹிட்லர் ஆட்சிக்கு அது பெரிய அடி. அமெரிக்காவே கொண்டாடியது. 1949 வரை பட்டம் அவர் கையில் தான், 25 முறை தக்கவைத்தார்.

1942-ல் இரண்டு போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார், தானும் ராணுவத்தில் சேர்ந்தார். ஆனா வரித்துறை அந்தப் பணத்தையும் வருமானமாகவே எடுத்துக்கொண்டது. வட்டி ஏறி ஏறி, 1950-களில் பாக்கி பல லட்சம் டாலர்.

இந்த நிலைமையில் தான் 1955 மே 24-ல் மூலன் ரூஜ் திறந்தது. முதலாளிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சுமார் 110 அறைகள், பெரிய ஹோட்டல்கள் இருந்த சாலையிலிருந்து தள்ளி இருந்தது. ஜோ லூயிஸுக்கு ஒரு சின்னப் பங்கும், வர்றவங்களை வரவேற்கும் வேலையும் கொடுத்தாங்க. நடுராத்திரி தாண்டி ஒரு ஷோ நடக்கும். மற்ற கேசினோக்களில் பாடி முடிச்ச கலைஞர்கள், கறுப்பர் வெள்ளையர் எல்லாரும், அங்கே ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

ஆறு மாசம் கூடத் தாங்கவில்லை. கடன்காரர்கள் நெருக்க, வருஷம் முடியும் முன்பே மூடிவிட்டது. நம்ம ஸ்டார்ட்அப் கணக்கில் அது ஃபெயிலியர் தான். ஆனா 1960 மார்ச்சில், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடுவோம் என்று எச்சரித்தபோது, அவர்களோடு அதிகாரிகளும் கேசினோ தரப்பும் பேச உட்கார்ந்தது அதே மூலன் ரூஜில் தான். பெரிய கேசினோக்களின் கதவு அதன்பிறகு திறந்தது.

ஜோ லூயிஸ் பின்னாளில் சீசர்ஸ் பேலஸ் கேசினோவிலும் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார். முன்பு பெரிய கேசினோ ஹோட்டல்களில் அவர் இனத்தவருக்கு இடம் கிடையாத ஊரில், பெரிய கேசினோ ஒன்றின் முகமே அவர் தான். சாம்பியனுக்கு இந்த நிலைமையா என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

1981 ஏப்ரல் 12-ல் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தது யார் தெரியுமா? 124 விநாடியில் அவரிடம் தோற்ற ஷ்மெலிங்.