நாம் யாரென்று நாமே உரைப்போம்: அயோத்திதாச பண்டிதர் வரலாறு

சென்னையிலாயினும், இப்பொழுது ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் அந்தமான் போர்ட் பிளேயரிலாயினும், உத்தியோகம் வேண்டி விண்ணப்பம் எழுதும் நம் இளைஞர் பலருக்கு மதம், சாதி என்னும் இரண்டு கட்டங்களை அடைந்தவுடன் கை தயங்குகின்றது. பௌத்தர் என்று எழுதினால் வேலை கிட்டாது போய்விடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். எழுதாது விட்டால் ஏற்ற தம்மத்திற்குப் பொய்த்தவராவோமோ என்னும் நாணம் மறுபுறம். தம்மை இன்னாரென்று உரைக்கும் உரிமை தமக்கே உண்டு என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே நம்மவர்க்கு உணர்த்தியவர் அயோத்திதாச பண்டிதர். அன்னாரது வரலாற்றை இக்கண்கொண்டு நோக்குவோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாச கவிராச பண்டிதர்பால் கொண்ட பேரன்பினால், ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றார். தமிழிலும் சித்த மருத்துவத்திலும் வல்லவராயினார். திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சேரக் காரணமாயிருந்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று பண்டிதரே எழுதியுள்ளார். இத்தகைய கல்விக் குடியில் வந்தவரை ஊரார் தாழ்ந்தவர் என்றனர். அரசாங்க ஏடுகளும் அவ்வாறே எழுதின. இவ்வெழுத்தைத் திருத்துவதே பண்டிதரின் வாழ்நாட் பணியாயிற்று.

1881ஆம் ஆண்டில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டபோது, தம் மக்களை இழிபெயரால் குறிக்காது பூர்வத் தமிழர் என்றே பதிதல் வேண்டும் என்று பண்டிதர் அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டார். அரசாங்கம் அதற்குச் செவி சாய்க்கவில்லை. பண்டிதரும் சோர்ந்திலர்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே நிறைவேறிய தீர்மானங்களை இன்று நோக்கினும் வியப்பே மேலிடுகின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும். கல்வியும் நல்லொழுக்கமும் உடையார்க்கு அரசாங்க உத்தியோகங்களில் தடை கூடாது. சிறைச்சாலையில் பிறப்பை நோக்கி இழிதொழில் சுமத்தும் விதி நீங்க வேண்டும். கச்சேரிகளுள் நுழையவும் அமரவும், பொதுக் கிணறு குளங்களில் நீர் மொள்ளவும் உரிமை வேண்டும். பண்டிதர் பெயர் மாற்றத்தோடு அமைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. நல்ல பெயரும் அதற்குரிய வாழ்வும் சேர்ந்தே வரல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அவ்வாண்டிலேயே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என உழைப்பை நாடித் தமிழர் சென்ற இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தோன்றின. 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். காலணா விலையில் அது ஏழையர் கைக்கும் எட்டியது.

தம் மக்கள் பிறவியில் தாழ்ந்தவரல்லர். பண்டைப் பௌத்தராய் வாழ்ந்து, பகைவரால் தாழ்த்தப்பட்டோரே என்பது பண்டிதரின் முடிபு. ஆதலின் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மவர் தம்மைப் பௌத்தர் என்றே எழுதிக்கொள்ளுமாறு வேண்டினார். இம்முறை அவர் வேண்டுகோள் அரசாங்கத்தை நோக்கியதன்று. ஒவ்வொரு குடிமகனையும் நோக்கியது. எழுதுவோர் கேட்கும்போது விடையளிக்கும் வாய் நம்முடையதன்றோ?

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். வாய்மையாய் உரைத்தவர்க்கு அதன்பின்னும் இழப்பு நேர்ந்ததை நாம் மறைத்தல் தகாது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணையில் பௌத்தர்க்கு இடமில்லை. 1956இல் அண்ணல் அம்பேத்கரைப் பின்பற்றித் தம்மம் ஏற்றவர், பௌத்தர் என்று எழுதிய அளவில் மைய அரசின் அட்டவணையினின்று நீங்கினர். 34 ஆண்டுகள் கழிந்து, 1990இல்தான் அவ்வாணை திருத்தப்பட்டது. அட்டவணைச் சாதியிற் பிறந்தவர் பௌத்தர் என்று எழுதுவதால் இன்று அவ்வுரிமையை இழப்பதில்லை. இதனை அறியாது இன்னும் அஞ்சுவோர் உளர். அவர்க்கு எடுத்துரைப்பது நம் கடன்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. தமிழகத்தினின்றும், பர்மாவினின்றும், இலங்கைத் தோட்டங்களினின்றும் சென்ற தமிழர் அங்கே வாழ்கின்றனர். 1959ஆம் ஆண்டின் ஆணை அத்தீவுகளின் ஆறு பழங்குடிகளைப் பட்டியலிடுகின்றது. அட்டவணைச் சாதிகளுக்கோ அங்கே பட்டியலே இல்லை. தமிழகத்தில் அட்டவணையிலுள்ள குடியிற் பிறந்தவரும், கடல் கடந்து குடியேறியபின் அத்தீவுகளுக்குரிய அட்டவணைச் சாதியினராகக் கருதப்படுவதில்லை. உரைப்பதற்கு வாயிருந்தும் எழுதுவதற்குக் கட்டமில்லாத நிலை இது. பண்டிதர் 1881இல் கண்டதும் ஏறத்தாழ இதுவேயாம்.

எனினும் அவர் உரைக்காது இருந்தாரில்லை. கணக்கில் வாராதவரின் குறை எவர் காதிலும் விழாது. 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ள கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்கின்றனர். விண்ணப்பத்தில் சலுகை கோருவதும் கோராமையும் அவரவர் விருப்பம். ஆயின் நாம் யாரென்று உரைக்கும் உரிமையைப் பிறர் கையில் விடுதல் கூடாது. கணக்கெடுப்போர் வாயிலில் வந்து நிற்கும்போது, பண்டிதரை நினைந்து, உண்மையைத் தெளிவாக உரைப்போமாக.