சின்னஞ்சிறு சொற்களும் சாமுவேல் ஜான்சனும்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

ஆங்கிலத்தில் நம்மை மிரட்டுபவை நீண்ட சொற்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. பல்லை உடைக்கும் நீளச் சொல்லை அகராதியில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்; பெரும்பாலும் அதற்கு ஒரே பொருள்தான் இருக்கும். நம்மைத் திணறடிப்பவை 'ஆன்', 'ஆஃப்', 'அப்', 'அவுட்', 'இன்', 'டு' என்னும் பொடிச் சொற்களே! 'கிவ்' என்றால் கொடு. சோதனைக் குழாயிலிருந்து வாயு வெளிப்பட்டால் 'கிவ் ஆஃப்'. முயற்சியைக் கைவிட்டால் 'கிவ் அப்'. எதிர்ப்பின்றிப் பணிந்து போனால் 'கிவ் இன்'. கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் என்ன உறவோ!

பெயரடைகளும் இப்படித்தான். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு துணையைப் பிடித்து வைத்திருக்கிறது. நீரில் கரையக்கூடியது என்பதற்கு 'சாலியுபிள்' உடன் 'இன்' வரவேண்டும். நேர்விகிதத்தில் உள்ளது என்பதற்கு 'ப்ரொபோர்ஷனல்' உடன் 'டு' வரவேண்டும். சார்ந்தது என்றால் 'டிபெண்டென்ட் ஆன்'. சார்பற்றது என்றாலோ 'இண்டிபெண்டென்ட் ஆஃப்'. ஒரே சொல்லின் முன்னால் இரண்டெழுத்து சேர்ந்ததும் பின்னால் நிற்கும் துணை மாறிவிடுகிறது. வெப்பநிலையைச் சார்ந்ததா, சாராததா என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எங்கள் வகுப்பில் பேனா ஒரு கணம் நின்றுதான் நகரும்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். விடையின் கருத்து நெஞ்சில் தெளிவாக இருந்தும், இந்தப் பொடிச் சொல் எங்கே இடம் மாறிவிடுமோ என்ற அச்சத்தால் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் தோழர் பலரை நான் அறிவேன். ஆகவே, இந்தச் சிக்கலைப் பிறமொழியாளர் கண்கொண்டு பார்த்து, ஏழாண்டு எட்டாண்டு அதனோடு மல்லாடிய ஓர் ஆங்கிலேயர் இருந்தார் என்று படித்தபோது, அவர் வாழ்க்கையை நம் மலரில் எழுத விரும்பினேன். அவரே டாக்டர் சாமுவேல் ஜான்சன்.

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வணிகர். வணிகம் நொடித்துக்கொண்டே போயிற்று. குழந்தைக்கோ கண்டமாலை நோய். கழுத்தில் தழும்பு, ஒரு கண்ணில் பார்வைக் குறைவு. அந்நோய் அரசர் கை பட்டால் தீரும் என்று மக்கள் நம்பிய காலம் அது. 1712இல் தாய் அவரை இலண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியாரின் கைபடச் செய்தார். நோய் தீரவில்லை.

1728இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் சூரர், கையில் காசில்லை. காலணி கிழிந்து விரல்கள் தெரிய நடந்ததைக் கண்டு, யாரோ இரக்கங்கொண்டு அவர் அறை வாசலில் புதிய காலணி ஒன்றை வைத்துவிட்டுப் போனாராம். ஜான்சன் அதைச் சினத்துடன் வீசியெறிந்தார். அது ஆணவம் என்று சிலர் கூறுவர். உதவி பெறுகிற இடத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். பதின்மூன்று மாதங்களில் பணமின்மையால் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

1731இல் தந்தை மறைந்தார். தந்தையைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. நோயுற்றிருந்த அவர், உட்டாக்ஸிட்டர் சந்தையில் தம் புத்தகக் கடையைப் பார்த்துக்கொள்ளுமாறு மகனை ஒருநாள் அழைத்தார். படித்த பிள்ளை சந்தையில் நிற்பதா என்று ஜான்சன் மறுத்துவிட்டார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, புகழின் உச்சியில் இருந்தபோது, அதே சந்தைக்குத் தனியே சென்று, கடை இருந்த இடத்தில் தலையில் தொப்பியின்றி மழையில் வெகுநேரம் நின்றார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் போன்றோர்க்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

1735இல் தம்மினும் இருபது வயது மூத்த கைம்பெண் எலிசபெத் போர்ட்டரை மணந்தார். அவர் பணத்தில் தொடங்கிய பள்ளி விரைவில் மூடப்பட்டது. 1737இல் தம் மாணவர் டேவிட் கேரிக்குடன் இலண்டன் சேர்ந்தார். கேரிக் பெரும் நடிகரானார். ஜான்சன் பத்திரிகைகளுக்குக் கூலிக்கு எழுதினார்.

1746இல் புத்தக வெளியீட்டாளர் சிலர் சேர்ந்து 1,575 பவுனுக்கு ஆங்கில அகராதி ஒன்றை எழுத அவரிடம் ஒப்பந்தம் செய்தனர். மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்னார். பிரெஞ்சு நாட்டில் ஒரு கழகமே பல பத்தாண்டுகள் உழைத்து 1694இல் முடித்த வேலை அது! கஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடி அறையில் ஆறு எழுத்தர்களை வைத்துப் பணி தொடங்கினார். நூல்களைப் படித்து, வேண்டிய சொல்லின் கீழ் கோடிட்டு, ஓரத்தில் அதன் முதலெழுத்தைக் குறிப்பார். எழுத்தர்கள் அந்த வரியைத் தாளில் படியெடுப்பர்.

இங்கேதான் சின்னச் சொற்கள் தம் வேலையைக் காட்டின. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பொருள்தான் வரும் என்று முன்னரே கணக்கிட்டு இடம் ஒதுக்கியிருந்தார். 'டேக்', 'செட்', 'புட்', 'கம்' போன்ற எளிய வினைகள் அந்த இடத்தில் அடங்கவில்லை. ஓரளவு வளர்ந்திருந்த கையெழுத்துப்படியையே ஒதுக்கிவிட்டு அவர் மறுபடி தொடங்க நேர்ந்ததாக ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அச்சான அகராதியில் 'டேக்' என்னும் ஒரு சொல்லுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ளன. 'ஆஃப்', 'ஃபார்', 'வித்' போன்ற இடைச்சொற்களுக்கும் பொருள் பொருளாகப் பிரித்து, நூல்களிலிருந்து சான்று காட்டினார்.

முன்னுரையில், வினையோடு இடைச்சொல் சேரும் வழக்கே அயலாருக்கு மிகப் பெரிய இடர் என்று ஒப்புக்கொள்கிறார். தனித்தனியே இரு சொற்களும் தெரிந்திருந்தும், சேர்ந்தபின் வரும் பொருளை எந்த அறிவாளியும் ஊகிக்க முடியாத இடங்கள் உண்டு என்கிறார். 'டேக் ஆஃப்' என்பதற்கு அவர் அங்கே காட்டும் பொருள் ஒன்றைப் பார்த்து அதுபோலச் செய்தல். இன்று அச்சொல்லைக் கேட்டதும் விமானம் மேலெழுவதுதான் நம் நினைவுக்கு வரும்! தாம் தொகுத்தது முழுமையன்று என்றும், விடுபட்டவற்றை உள்ளவற்றோடு ஒப்பிட்டு மாணவரே பொருள் காணலாம் என்றும் நம்பிக்கை தருகிறார்.

அந்த ஒப்பீடு பயன் தருவதை நானே சோதித்துப் பார்த்தேன். 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ட்ரை அப்' ஆகியவற்றில் 'அப்' என்பது மேலே என்று பொருள்படவில்லை. முற்றும் முடிந்ததைக் காட்டுகிறது. நாம் 'தின்று தீர்த்தான்' என்று சொல்கிறோமே, அதைப் போல. 'வந்துவிட்டான்' என்பதில் எதை விட்டான் என்று வெளிநாட்டார் ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'அவன்மேல் கோபம்' என்கிறோம். கோபம் மேலேயா இருக்கிறது? ஆங்கிலேயருக்கு அது 'வித்'. இத்தகைய வினைக் கூட்டுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல்தான் தம் நூலில் வழங்கினார். பெயர் வருவதற்கு 170 ஆண்டுகள் முன்பே ஜான்சன் சரக்கைச் சேர்த்து வைத்திருந்தார்.

பணி நடுவே 1752இல் மனைவி இறந்தார். தொடக்கத்தில் புரவலராக எண்ணப்பட்ட செஸ்டர்ஃபீல்டு பிரபு ஏழாண்டு திரும்பிப் பாராமல் இருந்துவிட்டு, நூல் வெளிவரும் வேளையில் பாராட்டி எழுதினார். உதவி வேண்டியபோது வராத புரவலர் இப்போது தேவையில்லை என்னும் கருத்துப்பட ஜான்சன் கடிதம் விடுத்தார். வாசலில் கிடந்த காலணியை எறிந்த அதே கை! பட்டமின்றி அனுப்பிய ஆக்ஸ்ஃபோர்டு, முதுகலைப் பட்டம் வழங்கி அப்பெயரை முகப்பில் அச்சிட வழி செய்தது.

1755ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். எனினும் வறுமை தீரவில்லை. மறு ஆண்டே ஆறு பவுன்கூட நிறையாத கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளித்த பிறகே மூச்சுவிட்டார். மறு ஆண்டு அறிமுகமான பாஸ்வெல் எழுதிய வரலாற்றால்தான் உலகம் அவரை இவ்வளவு நெருங்கி அறிந்தது.

ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, 1752 முதல் ஜான்சன் வீட்டில் பணியாற்றியவர் ஃபிரான்சிஸ் பார்பர். அவரை ஜான்சன் தம் செலவில் பள்ளிக்கு அனுப்பினார். 1784 டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபையில் அடக்கம் செய்யப்பட்டபோது, உயிலின்படி சொத்தின் பெரும்பகுதி பார்பருக்கே சேர்ந்தது.