பாரதியாரின் மீசை

கண்டாவளையிலிருந்து கல்லூரி சேர்ந்த நாளில், தலைமயிரை ஒட்ட வெட்டிவரப் பணிக்கப்பெற்ற யாம், வகுப்பறைச் சுவரிலிருந்த பாரதியாரின் மீசையைப் பொறாமையுடன் நோக்கியதுண்டு. அஃது எளிதில் வாய்த்ததன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

1882இல் எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியார், 1898இல் தந்தையாரை இழந்தபின் காசியில் அத்தை குப்பம்மாள் இல்லஞ் சேர்ந்தார். அங்கே குடுமியைக் களைந்தார், தலைப்பாகை அணிந்தார், மீசையும் வளர்த்தார். அந்நாளில் அந்தணர்க்கு மீசை ஆகாது. அத்தையின் கணவர் கிருஷ்ண சிவனோ ஆசாரத்திற் கண்டிப்பானவர். ஒருபந்தியில் அமர்ந்துண்ண ஒருப்படாராயினார். உற்றாரின் பந்தியை இழப்பது சிறு தண்டனையா? ஆயினும் பாரதியார் குடுமியை மீட்டும் வளர்த்தாரல்லர்.

ஒரு திருவாதிரை நாளிலே பூசைக்கு ஓதுவார் வாராதொழிய, பாரதியாரே திருவெம்பாவை பாடினாரென்பர். கேட்டுருகிய சிவனார் அன்றே அவரைத் தம்முடன் இருத்தி உண்பித்தார். மீசை இருந்தபடியே இருந்தது.

புதுவையிலே தாடியுஞ் சேர்ந்தது. பின்னர் அது போயிற்று. காரைக்குடியில் தடியேந்தி நின்ற படத்திலோ மீசை நிமிர்ந்தே நிற்கின்றது.