தராசும் அங்கியும் தாங்கிய வணிகர் ஆல்பிரெட் ராபர்ட்ஸ்

அடியார் ஒருவரை இறைவன் தராசு கொண்டு சோதித்த வரலாற்றைப் பெரியபுராணம் கேட்ட அன்பர் யாவரும் அறிவர். பழையாறை வணிகராம் அமர்நீதி நாயனார், ஒரு கோவணத்திற்கு ஈடாகத் தம் செல்வமெல்லாம் ஏற்றியும் தட்டு நேர்படாமையால், மனைவி மைந்தருடன் தாமே அதில் ஏறி நின்றார். தராசு பிடிக்கும் தொழில் பக்திக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. கடல் கடந்த நாட்டிலே, வேறொரு சமய நெறியிலே நின்று, அத்தொழிலையும் இறை வழிபாட்டையும் ஊர்ப் பணியையும் ஒருங்கே நடத்திய வணிகர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தில் கிராந்தம் என்னும் சிறு நகரில் மளிகைக் கடை வைத்திருந்த ஆல்பிரெட் ராபர்ட்ஸ். அந்நாட்டின் முதற் பெண் பிரதமராக விளங்கிய மார்கரெட் தாட்சரின் தந்தை என்றே உலகம் அவரை அறியும். மகளின் புகழை ஒருபுறம் ஒதுக்கி வைத்துப் பார்ப்பினும் அவர் வாழ்வு அறியத் தக்கதேயாகும்.

நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த ரிங்ஸ்டெட் கிராமத்தில், காலணி தைக்கும் தொழிலாளர் குடும்பம் ஒன்றில், 1892ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஆசிரியராக வேண்டுமென்பது அவருடைய இளமை விருப்பம். வறுமை அதற்கு இடந்தரவில்லை. பதின்மூன்றாம் வயதிலேயே பள்ளியை விட்டுக் கூலி தேட நேர்ந்தது. பல இடங்களில் சிறு சிறு வேலைகள் பார்த்தபின் கிராந்தம் சேர்ந்து மளிகைக் கடையொன்றில் அமர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது படையிற் சேர ஆறு முறை முயன்றார். உடல் தகுதி போதாதென ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய தம்பியோ படையிற் சேர்ந்து, 1917இல் சலோனிக்காவில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே, தையல் தொழிலைத் தாமே நடத்தி வந்த பியாட்ரிஸ் என்னும் நங்கையை மணந்தார். இருவரும் சிக்கனமாய்ச் சேர்த்த பொருளைக் கொண்டு 1919இல் நார்த் பரேடு வீதி முனையிலிருந்த கடையை வாங்கினர்.

அக்கடையைச் சற்றே மனக்கண்ணால் காணலாம். பித்தளைப் பிடி பொருத்திய மர இழுப்பறைகளில் வாசனைச் சரக்குகள். சர்க்கரையும் தேயிலையும் பிஸ்கோத்தும் மொத்தமாக வந்து இறங்கும். அவற்றை வீட்டார் அனைவருமே நிறுத்துப் பொட்டலம் கட்டுவர். கடையோடு ஒட்டி ஒரு துணை அஞ்சல் நிலையமும் உண்டு. மேல்மாடியில் குடியிருப்பு; வெந்நீர்க் குழாய் இல்லை, தோட்டமும் இல்லை. வசதி செய்துகொள்ளப் பொருள் இல்லாமலன்று. தமக்கெனச் செலவு செய்வதில் அவருக்கு நாட்டமில்லை. அதே வீட்டில் வாரந்தோறும் ரொட்டி சுடும் நாட்களில் மிகுதியாகச் சில சுட்டு, தனித்திருக்கும் முதியோர்க்கும் நோயாளிக்கும் ஓசையின்றிக் கொண்டு சேர்ப்பது வழக்கமாயிருந்தது. கொடுத்தது பிறர் அறியலாகாது என்பதில் அவ்விருவருக்கும் மிகுந்த அக்கறை.

அவர் மெதடிஸ்டு கிறிஸ்தவர். குருப்பட்டம் பெறாத பிரசங்கியார். ஆறு நாள் கடையில் நின்றவர் ஏழாம் நாள் சுற்றுக் கிராமக் கோயில்களுக்குச் சென்று சமயவுரை ஆற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமை நியமம் அவ்வீட்டில் மிகக் கடுமையானது. குழந்தைகள் அன்று ஃபிங்கின் வீதி ஆலயத்திற்கும் அதன் சமயப் பள்ளிக்குமாக நான்கு முறை செல்வர். விளையாட்டு இல்லை, தையல் வேலையும் இல்லை. இக்கடுமை பிள்ளைகட்குப் பாரமாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தம் மக்களை அத்துணைக் கட்டுப்பாட்டில் வளர்க்க மார்கரெட்டே பிற்காலத்தில் விரும்பவில்லை.

பதின்மூன்று வயதோடு நின்ற கல்வியை நூலகத்தின் துணையால் அவர் நிறைவு செய்துகொண்டார். வாரந்தோறும் கனமான நூல்கள் வீட்டுக்கு வரும். தந்தையும் இளைய மகளும் அவற்றைப் படித்து விவாதிப்பர். தமக்குக் கிட்டாத கல்வி மகளுக்குக் கிட்டவேண்டுமென்னும் தாகம் அவருக்குத் தணியவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு செல்ல லத்தீன் மொழி வேண்டும் என்றபோது, தனி ஆசிரியரை அமர்த்திப் பொருள் செலவிட்டார். அச்செலவுக்கு மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை!

1927இல் நகர சபைக்கு, எக்கட்சியையும் சாராதவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிதிக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. கடைக் கணக்கைப் போலவே ஊர்க் கணக்கையும் காசு காசாக எண்ணினார். வரி கட்டும் ஏழைக் குடியானவன் கண்முன் நிற்க, சபைப் பணத்தில் கை வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. கருமி என்று அவரை ஏசியவர்களும் ஊரில் உண்டு. சாலையும் பள்ளியும் தேவைப்படும் காலத்தில் அளவு கடந்த சிக்கனமும் ஒரு குறையே என்னும் அவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

ஆனால் கருமி எனப்பட்டவரின் வீட்டுக் கதவு திறந்த வேளையும் ஒன்று உண்டு. 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி கவர்ந்துகொண்டது. வியன்னா நகர யூதக் குடும்பமொன்று, மூத்த மகள் மியூரியலின் கடிதத் தோழியாயிருந்த தம் பெண்ணைக் காக்குமாறு ராபர்ட்ஸுக்கு எழுதிற்று. தனியொருவராய் அச்சுமையைத் தாங்கும் நிலை அவருக்கில்லை. தாம் சேர்ந்திருந்த ரோட்டரி சங்கத்து அன்பர்களிடம் கடிதத்தை வைத்தார். பல குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு அப்பெண்ணை ஏற்றன. அவர் வீட்டிலும் அவள் தங்கினாள். ஓர் உயிர் பிழைத்தது.

இரண்டாம் உலகப் போரில் போர்த்தளவாடத் தொழிற்சாலை இருந்த காரணத்தால் கிராந்தம் பன்முறை குண்டு வீச்சுக்கு ஆளாயிற்று. அந்நாட்களில் கடையை நடத்திய கையோடு நகரின் நலப்பணிகளையும் அவர் ஏற்றிருந்தார். 1943இல் ஆல்டர்மன் பதவியும், 1945இல் மேயர் பதவியும் வந்தன.

அக்காலத்தில் ஆல்டர்மன் என்பவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. சபை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். தொழிற்கட்சி சபையில் பெரும்பான்மை பெற்றபின், 1952இல் அவரை விலக்கித் தம்மவரை அமர்த்தியது. முறைப்படி அதில் பிழை கூறுவதற்கில்லை. ஆயினும் கால் நூற்றாண்டுப் பணி ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. அவர் எழுந்து, எவரையும் நோகாது, இரண்டொரு சொற்களில் விடைபெற்று, ஆல்டர்மன் அங்கியைக் களைந்து வைத்துவிட்டு வெளியேறினார். முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1985இல், பிரதமராயிருந்த மகள் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் அந்நிகழ்ச்சியை நினைவு கூர்ந்தபோது கண்ணீர் விட்டார். உறுதிக்குப் பெயர்பெற்ற அம்மையார் பலரறிய அழுதது அரிது.

1960இல் பியாட்ரிஸ் காலமானார். சில ஆண்டுகளுக்குப்பின் அவர் மறுமணம் செய்துகொண்டார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராபர்ட்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார். அதற்கு நான்கு திங்கள் கழித்து மகள் கல்வி அமைச்சரானார், 1979இல் பிரதமரானார். தாம் பெற்றவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் தந்தை தந்தவையே என்று பதவியேற்ற அன்று இல்லத்து வாயிலில் நின்று அவர் கூறினார். நார்த் பரேடு முனையிலுள்ள அக்கட்டிடச் சுவரில் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டிருப்பது மகளின் பெயர்.