சிபாரிசுக்கு மசியாத மேயர்

நியூயார்க், அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம். வானத்தைத் தொடும் கட்டிடங்கள் நிறைந்த ஊர். கோடி கோடியாகப் பணம் புரளும் ஊர். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் பசி தாண்டவமாடியது.

1929-ம் ஆண்டில் அங்கே பங்கு மார்க்கெட் சரிந்தது. பாங்குகள் மூடப்பட்டன. ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஒரு துண்டு ரொட்டிக்காக மக்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். வீடு இழந்தவர்கள் சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்காவில் குடிசை போட்டுக் குடியிருந்தார்கள்.

நகரசபையின் கஜானாவும் காலி. டம்மனி ஹால் என்ற கட்சிக் கூட்டத்தின் பிடியில் நகரம் சிக்கியிருந்தது. வேலை வேண்டுமானால் கட்சிக்காரரின் சிபாரிசு வேண்டும். காண்டிராக்டு வேண்டுமானால் லஞ்சம் கொடுக்க வேண்டும். ஊழல் விசாரணை முற்றியதும், மேயர் ஜிம்மி வாக்கர் 1932-ல் ராஜினாமா செய்தார்.

மறு ஆண்டு நடந்த தேர்தலில் ஒரு குள்ள மனிதர் வெற்றி பெற்றார். உயரம் 5 அடி 2 அங்குலம். பருத்த உடல். கீச்சுக் குரல். அவர்தான் பியோரெல்லோ லா கார்டியா. பியோரெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சிறிய பூ என்று பொருள். பெயர்தான் பூ, குணமோ நெருப்பு!

பட்டாளத்துப் பிள்ளை

லா கார்டியா 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை இத்தாலியர், அமெரிக்கப் பட்டாளத்தில் பாண்டு வாத்தியத் தலைவர். தாய் யூதப் பெண்மணி.

1898-ல் ஸ்பெயின் நாட்டுடன் யுத்தம் மூண்டது. பட்டாளத்துக்குக் கெட்டுப்போன மாட்டிறைச்சியை காண்டிராக்டர்கள் சப்ளை செய்தார்கள். தந்தை நோயில் விழுந்தார். சில ஆண்டுகளில் இறந்தும் போனார். கெட்ட இறைச்சிதான் தந்தையின் உயிரைக் குடித்தது என்று மகன் உறுதியாக நம்பினார். பொதுப் பணத்தில் கொள்ளை அடிப்பவர்கள் மீது அவருக்கு ஏற்பட்ட ஆத்திரம் கடைசிவரை தணியவில்லை.

இளவரசி கேட்டும் மறுத்தார்

இளம் வயதில் அவர் ஐரோப்பாவில் பியூமே துறைமுகத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் அதிகாரியாக வேலை பார்த்தார். அங்கிருந்து ஏழை மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவார்கள்.

ஒரு நாள் ராஜ குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அந்த ஊருக்கு வந்தார். ஏழைகள் கப்பல் ஏறுவதை வேடிக்கை பார்க்க விரும்பினார். கப்பல் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே அவர்களை ஏற்றும்படி உத்தரவு வந்தது. காற்றோட்டம் இல்லாத கீழ்த் தளத்தில் அவர்கள் அடைந்து கிடக்க வேண்டும். லா கார்டியா சம்மதிக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் ஏற முடியாது. இளவரசி ஏமாந்து திரும்பினார்.

1906-ல் அவர் நியூயார்க் திரும்பினார். குடியேற வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பகலில் வேலை. இரவில் சட்டப் படிப்பு. வக்கீலானார். பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் உறுப்பினரானார். முதல் உலக யுத்தத்தில் விமானப் படையில் பணியாற்றினார்.

1921-ல் பேரிடி விழுந்தது. ஒரே ஆண்டில் பச்சிளம் மகளும் மனைவியும் மாண்டார்கள். மனைவியைக் கொன்றது காச நோய். காற்றும் வெளிச்சமும் இல்லாத ஏழைக் குடியிருப்புகளை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது.

மேயர் நாற்காலியில்

1934-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அவர் மேயர் பதவி ஏற்றார். கட்சிக்காரர்களின் சிபாரிசுக் கடிதங்களுக்கு மதிப்புப் போயிற்று. தகுதி உள்ளவருக்குத்தான் வேலை என்றார். சூதாட்ட இயந்திரங்களைப் பிடித்து வரச் செய்து, தாமே சம்மட்டியால் உடைத்து நொறுக்கினார்.

லா கார்டியா குடியரசுக் கட்சிக்காரர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனால் ஊர் நன்மைக்குக் கட்சி குறுக்கே நிற்கவில்லை. திட்டங்களைத் தயாராக வைத்துக்கொண்டு மேயர் அடிக்கடி வாஷிங்டனுக்குப் போனார். 1935, 1936 ஆண்டுகளில், வேலை இல்லாதோருக்காக மத்திய அரசாங்கம் நாடு முழுவதும் செலவிட்ட பணத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நியூயார்க்குக்குக் கிடைத்தது!

அந்தப் பணத்தில் பாலங்கள் எழுந்தன. பூங்காக்களும் நீச்சல் குளங்களும் வந்தன. வேலை இல்லாமல் வாடியவர்களுக்குக் கூலி கிடைத்தது. 1935-ல் நகரசபை கட்டிய ஏழைகள் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த நாட்டில் நகரசபை கட்டிய முதல் குடியிருப்பு அதுதான்.

ஒருமுறை அவர் நியூயார்க்குக்கு விமான டிக்கெட் வாங்கியிருந்தார். விமானமோ பக்கத்து மாநிலத்தில் உள்ள நெவார்க்கில் இறங்கியது. டிக்கெட்டில் நியூயார்க் என்றுதானே இருக்கிறது என்று வாதாடி, இறங்க மறுத்துவிட்டார். கடைசியில் அவரை நியூயார்க் வரை கொண்டுபோய் விட்டார்கள்! 1939-ல் அவர் முயற்சியால் திறக்கப்பட்ட பெரிய விமான நிலையம், பின்னர் அவர் பெயரையே பெற்றது.

1945-ல் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். படக்கதை படிக்க முடியாமல் குழந்தைகள் ஏங்கினார்கள். மேயர் ரேடியோவில் படக்கதையை நடித்தே படித்துக் காட்டினார்.

அவரிடம் குறைகளும் உண்டு. முன்கோபி. அதிகாரிகளை எடுத்தெறிந்து பேசுவார். 1935-ல் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் கலவரம் மூண்டது. அதை விசாரித்த குழு, அந்த மக்களின் துயரங்களை அறிக்கையாக எழுதிக் கொடுத்தது. மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை.

அக்காவுக்கும் வரிசைதான்

மூன்று தேர்தல்களில் வென்று, 12 ஆண்டுகள் மேயராக இருந்து, 1945 முடிவில் அவர் பதவி விட்டு இறங்கினார். ஆனால் பெரிய சோதனை அவர் வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது.

அவருடைய அக்கா ஜெம்மா, கணவருடன் ஹங்கேரியில் வாழ்ந்தார். 1944-ல் ஹிட்லரின் ஆட்கள் அவரைப் பிடித்துச் சிறை முகாமில் அடைத்தார்கள். கணவர் கொல்லப்பட்டார். யுத்தம் முடிந்தபோது, பாழடைந்த பெர்லின் நகரில் மகளுடனும் பச்சைக் குழந்தையான பேரனுடனும் அக்கா தவித்தார். அமெரிக்கா வர உதவும்படி தம்பியிடம் கேட்டார்.

தம்பி ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்திருக்கலாம். 1946-ல் அவர், யுத்தத்தால் நொந்த மக்களுக்கு உதவும் உலக நிறுவனத்தின் தலைவர்! ஆனால் அவர் தனிச் சலுகை கேட்க மறுத்தார். லட்சக்கணக்கான அகதிகள் காத்திருக்கும்போது, தன் அக்காவை மட்டும் முன்னால் தள்ளிவிட அவர் மனம் ஒப்பவில்லை. அக்கா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1947-ல்தான் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

உடன் பிறந்தவரிடம் இவ்வளவு கண்டிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. அது கல் நெஞ்சமா, நேர்மையா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அக்கா வந்த சில மாதங்களில், 1947 செப்டம்பர் 20-ந் தேதி, புற்றுநோயால் லா கார்டியா காலமானார். வயது 64. கோடிகள் புரண்ட நகரசபையை 12 ஆண்டுகள் ஆண்டவர், குடும்பத்துக்கு விட்டுச் சென்றது சிறு சேமிப்பும், கடன் தீராத ஒரு வீடும்தான்.

ஜெம்மா தம் கடைசிக் காலத்தைக் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற ஏழைகள் குடியிருப்பில் கழித்தார். அது தம்பி மேயராக இருந்தபோது எழும்பிய குடியிருப்பு. ஊரார்க்காகத் தம்பி எழுப்பிய கூரை, அக்காவுக்கும் நிழல் தந்தது!